எமக்கா முறுக்கிய கண்ணாடி

எமக்காவுக்கு இரண்டு கட்டைவிரல்களும் அடிமூட்டில் விண்விண்ணென்று தெறித்தன. சனிக்கிழமை வேலை மும்முரமாக இருந்தால் ஞாயிறு காலையில் இப்படித்தான். சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கைகளையும் முக்கி வைத்திருந்தாள். கைக்கு ஓய்வு கிடைத்ததும் வாய்க்கு வேலை கூடிவிட்டது.

"வெங்காயத்த இன்னும் பொடிசா நறுக்குங்க. வர்றது மனுஷங்க, மாடு இல்ல."

"ஓடு வெட்டுறவன் கையில வெங்காயத்தக் குடுத்தா சதுரம் சதுரமாத்தான் விழும்," என்றார் வீட்டுக்காரர்.

அவர் தரை ஓடு பதிப்பவர். முழங்கால் இரண்டும் காய்த்துப்போனவர், கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் நின்றபடியே நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உன் விரல் வலிக்கு நான் வெங்காயம் நறுக்கறேன். என் முட்டி வலிக்கு நீ வந்து ஓடு பதிப்பியா?"

"பதிப்பேன். ஆனா பதிச்சதும் ஒடைச்சுப் பாத்துருவேன், பரவாயில்லையா?"

எமக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தொழிற்சாலை வைத்தது. உலோகச் சட்டம் போட்ட கூலிங் கிளாஸ் செய்யும் தொழிற்சாலை. வருகிற ஒவ்வொரு தட்டிலிருந்தும் சிலவற்றை உருவி, ஒடிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முதலில் காதுக்கம்பியை விரித்து மடக்குவாள். பிறகு மூக்கின்மேல் உட்காரும் நடுப்பாலத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, காதுக்கம்பியை வலது கையால் ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குவாள். தோள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுவாள். இத்தனைக்கும் தப்பியதை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் முலாம் உரிந்திருக்கிறதா, கீல் ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பாள். தேறினால் நீலத் தட்டு. தேறாவிட்டால் "கழிவு" என்று சத்தமாகச் சொல்லிச் சிவப்புத் தட்டில் எறிவாள். சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். எதிர்மேசைப் பெண் தலையைத் தூக்காமல், காதால் கேட்டே கணக்கேட்டில் கோடு போடுகிறவள்.

எமன் கையில் சிக்கினாலும் பிழைக்கலாம், இந்த அக்கா கையில் சிக்கினால் பிழைக்க முடியாது என்று யாரோ ஒரு நாள் சொன்னார்கள். எமன் அக்கா என்று பெயராகி, வாயில் தேய்ந்து எமக்கா ஆயிற்று. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வருத்தமெல்லாம் வீட்டில் இருந்தவர்களுக்கு. இத்தனை வருஷத்துப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுமா? கையில் கிடைத்தது எதுவானாலும் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே முறுக்கிப் பார்த்துவிடுவாள். அந்த வீட்டில் குடைகள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. மகள் தன் தலைக் கிளிப்புகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அந்த மகள்தான் இப்போது உள்ளறையிலிருந்து வந்து நின்றாள். பேக்கரி ஒன்றில் கல்லாவில் இருப்பவள். அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது. அவன் துறைமுகத்தில், கிரேன் தூக்கும் பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டுபவன். அந்தக் கிரேனை ஓட்டுபவர் அவனுடைய அப்பாவேதான். தாய் இல்லாத பிள்ளை, அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அந்த அப்பா இன்றைக்கு வீட்டுக்கு வருகிறார். சரி என்று அவர் வாயால் ஒரு சொல் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் கையை மடியிலயே வெச்சுக்கோ," என்றாள் மகள். "முடிஞ்சா வாயையும்."

"வாய மடியில எப்படிடி வைக்கிறது?"

"அப்பா, இவங்கள நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் வெங்காயத்துக்கு மட்டும்தான் பொறுப்பு," என்றார் அவர்.

அவர்கள் பகல் சாப்பாட்டு வேளைக்கு வந்தார்கள். வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கிரேன்காரர் கனத்த உடம்பு. தினமும் வானத்துக்கு ஏறி இறங்குகிற மனுஷன் இந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்கினார். வாசலுக்கு வந்த பிறகும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. வெள்ளி நிறச் சட்டம், ஆழ்ந்த பச்சைக் கண்ணாடிகள். பின்னால் மகன், சலவைச் சட்டையில், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சேர்க்க அழைத்து வந்ததுபோல நின்றான்.

சாப்பாடு வரைக்கும் எல்லாம் நன்றாகவே போயிற்று. எமக்கா சொன்ன சொல் தவறாமல் கைகளை மடியில் வைத்திருந்தாள். கிரேன்காரர் பேச்சில் கெட்டிக்காரர். மேலே உட்கார்ந்தால் கீழே கடலும், சுற்றிலும் தகரப் பெட்டிகளும், எல்லாவற்றின் மேலும் வெயில் பட்டுக் கண்ணில் ஊசி ஊசியாக ஏறுவதைச் சொன்னார்.

"இது இல்லாட்டி நான் குருடன்மா," என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "கிரேன்ல ஏறுன வருஷம் வாங்கினது. அப்ப இவன் பல்லு மொளைக்காத பய. இவன் மொகத்தப் பாத்ததவிட இதுக்குள்ளாற இருந்து ஒலகத்தப் பாத்ததுதான் அதிகம்."

"அப்ப நல்ல உருப்படியாத்தான் இருக்கும்," என்றாள் எமக்கா. தொழில் பேச்சு என்றதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"உருப்படியாவா? இரும்புங்க. கொஞ்சம் பிடிங்கம்மா, கை கழுவிட்டு வந்து சொல்றேன்."

கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மகள் அந்த நேரம் உள்ளே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்திருந்தால் பாய்ந்து பிடுங்கியிருப்பாள். கிரேன்காரர் கை கழுவுமிடத்திலிருந்தே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ ஏணியில எறங்கும்போது சட்டப் பையிலருந்து நழுவிருச்சு. பனமரம் ஒசரம் இருக்கும். கீழ காங்கிரீட்டு. போச்சுன்னு நெனச்சு எறங்கி வந்தா, சும்மா படுத்திருக்கு, தூங்குற மாதிரி. ஒரு கீறல் இல்ல..."

எமக்கா ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மனசு முழுக்க அந்த ஏணியிலும் காங்கிரீட்டிலும் இருந்தது. கைகள் தம் பாட்டுக்கு விரித்தன, மடக்கின. இடது கை நடுப்பாலத்தைப் பிடித்தது. வலது கை துணி பிழிந்தது.

டிக்.

சின்னச் சத்தம்தான். அந்த அறையில் அது என்ன சத்தம் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். தெரிந்ததும், அவளைக் கேட்காமலேயே அவள் வாய், எதிர்மேசைப் பெண்ணுக்குக் கேட்கும்படி, கணீரென்று சொன்னது:

"கழிவு."

சொன்ன கையோடு வலப்பக்கம் எறிந்தாள். தொழிற்சாலையில் வலப்பக்கம் சிவப்புத் தட்டு இருக்கும். வீட்டில் வலப்பக்கம், தரை துடைத்த தண்ணீரோடு சிவப்பு வாளி இருந்தது.

தொபுக்கென்று விழுந்தது. நுரை மேலே வந்து மூடிக்கொண்டது.

கிரேன்காரர் ஈரக் கையோடு நின்றார். மகன் வாளியைப் பார்த்தான். தட்டோடு வந்த மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்போது, சிரிக்கக் கூடாத அந்த நேரத்தில், வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தார், மூக்கு வழியாக வந்தது. மூக்கைப் பிடித்தார், தோள் குலுங்கியது.

எமக்கா முழங்கை வரைக்கும் வாளிக்குள் விட்டுத் துழாவி எடுத்தாள். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் காதுக்கம்பி. அந்த நேரத்தில் அவள் தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை சம்பந்தம் பிழைத்திருக்கும். அவள் ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க சார். இங்க பாருங்க, கீலு ஒரு பக்கம்தான் பத்தியிருக்கு. இந்தப் பக்கம் சும்மா ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு. இது என்னைக்கோ ஒடிய வேண்டியது. இத்தன வருஷம் நின்னதே பெரிசு."

"ஓ," என்றார் கிரேன்காரர்.

"மட்டமான பத்தவெப்பு சார். நம்ம ஃபேக்டரியா இருந்தா வாசலத் தாண்டியிருக்காது."

அவர் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். கூலிங் கிளாஸ் இல்லாத அவர் கண்கள் சின்னதாக, கூசிப்போய், பாவமாக இருந்தன.

"போலாம்டா," என்றார் மகனிடம்.

படிக்கட்டில் அவர்கள் இறங்கும் சத்தம் அடிவரைக்கும் கேட்டது. மகள் தட்டுகளைக் கீழே வைத்தாள்.

"ஒடிச்சது போதாதுன்னு அதோட குலம் கோத்திரம் வரைக்கும் திட்டுவியாம்மா?"

"உள்ளதச் சொன்னேன்டி."

"உள்ளதச் சொல்ல உனக்கு வேற நாளே கெடைக்கலியா?"

சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. அப்பா யாரோடும் பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ஒடிந்ததைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழிவு என்றார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லையாம். மகள் இதைச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். எமக்கா சாப்பாட்டை விட்டு எழுந்தாள். ஒடிந்த கண்ணாடியைத் துடைத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கோடு பையில் வைத்தாள்.

தொழிற்சாலையில் கீல் பற்றவைக்கும் மேசைக்காரருக்குச் சூட்டுக்கோல் என்று பெயர். முன்கையில் ஒரு முடி கிடையாது, எல்லாம் பொசுங்கிப்போனது. அவருக்கும் எமக்காவுக்கும் இத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தை என்பது சிவப்புத் தட்டு வழியாகத்தான். அவர் ஒட்டுவார், அவள் ஒடிப்பாள், தட்டு திரும்பிப் போகும், அவர் அங்கிருந்தே முறைப்பார்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவள் அவருடைய மேசைக்கே போய்க் கைக்குட்டையைப் பிரித்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சூட்டுக்கோலுக்கு வாயில் இருந்த சோற்றை விழுங்கவே நேரம் பிடித்தது.

"எமக்கா ஒரு உசுரக் காப்பாத்தணும்னு எங்கிட்ட வந்துருக்கு. ஏய், எல்லாரும் வாங்கப்பா, வந்து பாத்துக்கங்க."

"மெதுவா பேசுய்யா."

"வாளியிலயா போட்ட?"

"ஆமா."

"சோப்புத் தண்ணியா?"

"சோப்புத் தண்ணிதான். ஒட்டுவியா மாட்டியா?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஸ்குரூவைத் தளர்த்திப் பச்சைக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றிப் பஞ்சில் வைத்தார். பழைய பற்றைச் சுரண்டினார். வெள்ளைப் பசை தடவி, வெள்ளிக் கம்பியின் நுனியை வைத்து, ஊசி போன்ற நீலத் தீயை ஒரு மூச்சு நேரம் காட்டினார். வெள்ளி உருகி, கீலின் அடியில் தண்ணீர்போல் ஓடிச் சுற்றிலும் நிறைந்தது. ஆறியதும் எடுத்து நீட்டினார்.

"இந்தா. கொண்டுபோய்க் குடுத்து மகளக் கரையேத்து."

எமக்கா வாங்கினாள். இடது கை நடுப்பாலத்துக்குப் போனது.

"ஏய், ஏய், முறுக்காத."

முறுக்கினாள். அவர் ஒட்டிய கீல் அசையவில்லை. டிக் என்று ஒடிந்தது மற்றப் பக்கத்துக் கீல்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். சூட்டுக்கோல் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா தாயே, உனக்கு மகமேல ஏதாச்சும் பகையா?"

செவ்வாய்க்கிழமை மதியம் அந்தக் கீலையும் ஒட்டினார். அவள் முறுக்கினாள். இரண்டு கீலும் நின்றன, நடுப்பாலம் கழன்று வந்தது. அது செய்த கை எதுவோ, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏமாற்றியிருந்தது. மேலே மினுமினுப்பு, உள்ளே பாதி வெற்றிடம். இரும்பு என்று அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்துக்கொண்டதால் நின்றிருக்கிறது. அன்று பனைமர உயரத்திலிருந்து விழுந்து தப்பியது வெறும் அதிர்ஷ்டம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மகள் இறங்கி வந்து பேசினாள். இரண்டு நாளாக ஊமையாக இருந்தவள்.

"அம்மா, அவரு ஒட்டித் தந்தத அப்படியே கொண்டுபோய்க் குடுத்தா என்ன? நீ கைய வெக்காம இருந்தா அது இன்னும் இருபது வருஷம் நிக்கும்."

"நிக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"நிக்காமயும் போலாம்." எமக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அவரு மேல உக்காந்திருக்காரு. கையில ஒரு பெட்டி தொங்குது, லாரி கனம். நேரா வெயில். அந்த நேரத்துல பாலம் விட்டுக் கண்ணாடி மடியில விழுந்தா ஒரு நிமிஷம் அந்த மனுஷன் குருடு. கீழ கொக்கிய வெச்சிக்கிட்டு அண்ணாந்து நிக்கிறது யாரு?"

மகள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"உன் ஆளுதானடி நிக்கிறான். அதான் முறுக்கறேன்."

வீட்டுக்காரர் அப்பளத்தை ஒடிக்கப் போனவர், சத்தம் வரும் என்று அப்படியே வைத்துவிட்டார். மகள், "நல்லா முறுக்கு," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா சீக்கிரம் முறுக்கு," என்றாள்.

புதன்கிழமை சூட்டுக்கோல் நடுப்பாலத்தை வைத்துவிட்டு, வளையங்களின் ஓரப் பற்றுகளையும் தானாகவே சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டினார். மதியச் சோறு தூக்கிலேயே ஆறிக் கிடந்தது. இப்போது மொத்தக் கூடமும் சுற்றி நின்றது. எமக்கா விரித்து மடக்கினாள். இந்தப் பக்கம் முறுக்கினாள், அந்தப் பக்கம் முறுக்கினாள். கட்டைவிரல் வலியில் கண்ணில் நீர் கட்டும் வரைக்கும் முறுக்கினாள். டிக் வரவில்லை.

ஆனால் தீ பட்டுப் பட்டுச் சட்டத்தில் வெள்ளி முலாம் கருகிப் புண் ஆறிய தோலைப்போல ஆகியிருந்தது. முலாம் போடும் இடத்துக்குக் கொண்டு ஓடினாள். அங்கே இருந்தவள் கையை விரித்தாள்.

"இந்த வாரம் பூரா தங்கக் கலர்தான்கா. வெள்ளித் தொட்டி காலி."

"தங்கத்துலயே முக்கு."

"கிரேன்காரருக்கா?"

"கருகிப் போனதப் போட்டுக்கறதுக்குத் தங்கமா ஜொலிக்கலாம். முக்கு நீ."

முலாம் காய்ந்ததும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது ஒரு புள்ளி பச்சை இல்லை. கண்ணாடிகளைத் திருப்பி மாட்டி, ஸ்குரூவை இறுக்கி, துடைத்து, சூட்டுக்கோல் மேசைமேல் வைத்தார். தங்கச் சட்டத்துக்குள் பச்சைக் கண்ணாடி. பணக்கார மாமனாரைப்போலத் திமிராக இருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் எமக்கா.

"என்ன பாக்கி? எல்லாந்தான் பாத்துட்டியே."

"கீழ போடல."

"கண்ணாடிய மாட்டிட்டேனே. முன்னாடியே போட்டிருக்க வேண்டியதுதான?"

"கண்ணாடி கனத்தோட விழுந்தாத்தான்யா விழுந்த மாதிரி."

யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் நிற்பவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தோள் உயரத்துக்குத் தூக்கினாள். விட்டாள். சிமெண்டில் ஒரு துள்ளுத் துள்ளி, மல்லாக்க விழாமல் குப்புற விழுந்தது. குனிந்து எடுத்தாள். கீல் சரி. பாலம் சரி. வளையம் இம்மியும் கோணவில்லை. இடது கண்ணாடியில் மட்டும், கீழ் ஓரத்தில், நகம் பட்டதுபோல் ஒரு கீறல்.

பனைமர உயரத்திலிருந்து விழுந்தும் வாங்காத கீறல் அது.

எமக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. சூட்டுக்கோல் எட்டிப் பார்த்தார். எங்கே சிரித்துவிடுவாரோ என்று அவள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சட்டம் என்ன ஆச்சு, அதச் சொல்லு," என்றார்.

"சட்டம் தேறிடுச்சு."

"சத்தமா சொல்லு."

"தேறிடுச்சுய்யா," என்று எமக்கா கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். எதிர்மேசைப் பெண் பழக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, எந்தத் தட்டுக்கு என்று தெரியாமல் முழித்தாள். யாரோ கை தட்டினார்கள். சூட்டுக்கோல் அன்றைய சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார், காது வரைக்கும் சிரிப்பு.

துறைமுகத்து வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயங்கால ஆட்கள் உள்ளே போக, பகல் ஆட்கள் வெளியே வரும் நேரம். எமக்காவும் மகளும் ஒரு பெஞ்சு ஓரமாக நின்றார்கள். மகள் அம்மாவின் வாயைக் கட்டுவதற்காகவே வந்திருந்தாள்.

கிரேன்காரர் வெளியே வந்தார். மூக்கின்மேல் நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் கூலிங் கிளாஸ். அதற்குள் அதன் ஒரு காதுக்கம்பி போய்விட்டது போலிருக்கிறது, நூல் போட்டுக் கட்டியிருந்தார். கண் ஓரமெல்லாம் சிவந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது. பின்னால் வந்த மகன் அப்பாவையும் பார்க்காமல் மகளையும் பார்க்காமல் டீக்கடைப் பலகையைப் படிக்க ஆரம்பித்தான்.

எமக்கா கைக்குட்டையை நீட்டினாள். அவர் பிரித்துப் பார்த்தார்.

"இது என்னோடது இல்லையே."

"உங்களோடதுதான் சார். ஆனா ரெண்டு கண்ணாடி மட்டும்தான் மிச்சம். கீலு, பாலம் எல்லாம் எங்க ஆளு புதுசா ஒட்டினது. நான் முறுக்க முறுக்க ஒடிஞ்சுச்சு, அவரு ஒட்ட ஒட்ட நின்னுச்சு. வெள்ளி முலாம் கெடைக்கல, அதான் தங்கம்." மகள் முழங்கையால் இடித்தாள். எமக்கா நிறுத்தவில்லை. "அப்புறம் எடது கண்ணாடியில கீறல் விழுந்துருச்சு. அது ஒட்டினவரு தப்பு இல்ல. எந்தப்பு. வாளியில போட்டதும் எந்தப்பு. கழிவுன்னு சொன்னது வாய்ப் பழக்கம், அதும் எந்தப்புதான்."

மகள் இடிப்பதை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்தாள். அம்மா வாயில் இந்தச் சொல் வரிசையாக மூன்று தடவை வந்து அவள் கேட்டதில்லை.

கிரேன்காரர் நூல் கட்டிய பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பையில் போட்டார். தங்கச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, கடல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு கழற்றி அவளிடமே திருப்பி நீட்டினார்.

"முறுக்குங்க," என்றார்.

"சார்?"

"எங்கண்ணு முன்னாடி முறுக்குங்கம்மா. அன்னைக்கு நான் பாக்கல."

எமக்கா வாங்கினாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் கை ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தயங்கியது. மகன் பலகை படிப்பதை விட்டான். டீக்கடைக்காரர் வடிகட்டியைத் தூக்கியபடியே நின்றார். எமக்கா நடுப்பாலத்தைப் பிடித்தாள். மூட்டு வலித்தது. வலிக்கட்டும் என்று, எந்தத் தட்டுக்கும் குறைவில்லாமல், ஈரப் போர்வையைப் பிழிவதுபோல் பிழிந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. விட்டதும் சட்டம் தன் இடத்துக்குத் திரும்பி நின்றது.

கிரேன்காரர் வாங்கித் தானும் ஒரு முறுக்கு முறுக்கினார். அதோடு விட்டாரா? பெஞ்சின்மேல் வைத்தார். எல்லோரும் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கனத்த உடம்போடு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்பா," என்றான் மகன்.

"சும்மா இருடா."

உட்கார்ந்தபடியே ஒரு டீ சொன்னார். டீ வந்தது. ஊதி ஊதி நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, பின்னால் கை விட்டு எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கத்துக் கம்பி லேசாகக் கோணியிருந்தது. எமக்கா எட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நேரானது.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிரிப்பு. கனத்த வயிறு குலுங்கக் குலுங்க, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வாளியில போட்டீங்களேம்மா. இருபது வருஷத்துக்கு மேல நான் மூக்குல வெச்சுக் கொண்டாடினத."

"சோப்புத் தண்ணிதான் சார். அழுக்குப் போயிருக்கும்."

"சார் என்ன சார்? சம்பந்தின்னு சொல்லுங்க."

மகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மகன் ஓடிப்போய் எல்லோருக்கும் டீ சொன்னான், காசு எடுக்க மறந்து திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். டீக்கடைக்காரர், "மொதல்ல மூச்சு விடு தம்பி," என்றார்.

"ஒரே ஒரு விஷயம் சம்பந்தியம்மா," என்று கிரேன்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, இடது பக்கத்தை வெயிலில் காட்டினார். "இந்தக் கீறல் மேலருந்து பாத்தா கடல்ல ஒரு மயிரு மெதக்கற மாதிரி தெரியுமே."

"தெரியும். எடது கண்ணாடி ஒண்ணு நான் தர்றேன்."

"எப்ப?"

"தேடணும். இந்தப் பச்ச இப்ப எங்கயும் போடறதில்ல."

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மொத்தக் குடும்பமும் வாசற்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் முட்டி வலியோடு நேராக நிற்கிறார். எமக்காவின் கைகளை மகள் ஒன்றும் மாப்பிள்ளை ஒன்றுமாகப் பிடித்திருக்கிறார்கள். அன்புக்குப் பிடித்ததா, பாதுகாப்புக்குப் பிடித்ததா என்று கேட்டால் இருவருமே சொல்வதில்லை. நடுவில் தங்கச் சட்டத்தோடு கிரேன்காரர், ஊரையே விலைக்கு வாங்கியவர்போல.

வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, முறுக்கச் சொல்லி, மேலே உட்காரச் சொல்லி, கடைசியில் கீறலையும் காட்டுவார். சம்பந்தியம்மா தர வேண்டியது என்பார். லென்ஸ் கொண்டுவந்து போடுகிற ஆட்களிடமெல்லாம் எமக்கா சொல்லி வைத்திருக்கிறாள். கறுப்பு வருகிறது, பழுப்பு வருகிறது. அந்தப் பச்சை வரவில்லை. ஒரு இடது கண்ணாடி அவள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறாள், இன்னும் கொடுக்கவில்லை.